அழாத குழந்தையின் ரத்தம்

அத்தியாயம் 9

கதவு படாரென்று சாத்திக்கொண்டது. குழந்தை கத்தவில்லை. கத்தியது ரேடியோ.

"ஐயோ சார், விரலு!"

காப்பகத்தின் விளையாட்டு அறைக்கு இருந்த அந்தக் கனத்த கதவு, காற்றடித்தால் தானாகச் சாத்திக்கொள்ளும் ரகம். கீல் பக்கத்து இடுக்கில் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்றின் இரண்டு விரல்கள் மாட்டியிருந்தன. அது கையை இழுத்துப் பார்த்தது. வரவில்லை. இன்னொரு தரம் இழுத்தது. பிறகு நிமிர்ந்து, பக்கத்து வீட்டுப் பையனைப் பற்றிப் புகார் சொல்கிற குரலில் சொன்னது.

"கதவு என் கையை விட மாட்டேங்குது."

கல்லுளி கதவைத் தள்ளித் திறந்தார். விரல்கள் நசுங்கி, நகத்தடியில் நீலம் கட்ட ஆரம்பித்திருந்தது. குழந்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. சலித்துப்போய் உள்ளே ஓடி, அதே கையால் ஒரு மரக்கட்டையை எடுத்து இன்னொன்றின் மேல் வைத்தது.

கல்லுளி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. மணி என்ன என்று கேட்டால்கூட யோசித்துவிட்டுத்தான் சொல்வார் என்பதால், காவல் நிலையத்து நண்பர்கள் கல்லுளிமங்கனைப் பாதியாக வெட்டி இவருக்கு மாட்டிவிட்டார்கள். தனியார் துப்பறியும் தொழிலில் அந்தப் பெயரே விளம்பரமாகவும் ஆகிவிட்டது. உதவியாளர் ரேடியோ, நாற்பதைத் தாண்டியவள். ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் பல வருஷம் உட்கார்ந்திருந்தவள். மற்றவர்கள் வாயைத் திறக்கும் இடத்தில் வேலை பார்த்தும் தன் வாயை மூடக் கற்றுக்கொள்ளாதவள்.

அந்த நீல நகத்தைப் பார்த்தபோது வயிற்றில் ஏதாவது சுருக்கென்றிருக்க வேண்டும் என்று கல்லுளிக்குத் தெரியும். இல்லை. மனைவி போய்ச் சேர்ந்ததிலிருந்து அப்படித்தான். கண் பார்க்கும், மூளை குறித்துக்கொள்ளும், மற்ற கடைகளெல்லாம் அடைப்பு.

ஓடிவந்த காப்பாளர் அம்மாள் குழந்தையின் விரலில் ஐஸ் வைத்தபடி பெருமையாகச் சொன்னாள். "ரொம்பச் சமத்து சார். வந்ததுலேர்ந்து ஒரு தடவைகூட அழுததில்ல."

"அது சமத்து இல்லம்மா," என்றார் கல்லுளி.

மாடியில் குழந்தைகள் நல அதிகாரியின் அறை. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அந்தப் பெண்மணி இருவரையும் பார்த்தாள்.

"நீங்க அந்தக் குழந்தையோட அம்மா அமர்த்தின ஆளா? சாயங்காலம் ஆபீஸ் மூடறதுக்குள்ள உத்தரவுல கையெழுத்துப் போடறேன். வேற ஊர்ல ஒரு வளர்ப்புக் குடும்பம் தயாரா இருக்கு. குழந்தை நாளைக்குக் கிளம்புது."

"அவசரமா?"

"அவசரமான்னு கேக்கறீங்க! உள்ளங்கையில இஸ்திரிப் பெட்டியோட அச்சு, நீராவி ஓட்டை உள்பட. கால் எலும்பு முறிஞ்சு, அதோடவே நடந்துட்டு இருந்திருக்கு. நாக்கு நுனியைக் காணோம். அம்மா சலவைக் கடையில இஸ்திரி போடறவங்க. நான் என்ன நினைக்கணும், நீங்களே சொல்லுங்க."

"கீழ இப்பத்தான் கதவுல விரல் நசுங்கிச்சு மேடம்," என்றாள் ரேடியோ. "நான்தான் கத்தினேன். அது கதவு மேல கம்ப்ளெய்ண்ட் கொடுத்துச்சு."

அதிகாரி அசரவில்லை. "அடி வாங்கிப் பழகின குழந்தைங்க அழாதும்மா. அழுதா இன்னும் ரெண்டு விழும்னு உடம்புக்குத் தெரிஞ்சு போயிருக்கும். என் சர்வீஸ்ல எத்தனை பாத்திருப்பேன்."

"வலியே தெரியாத பிறவின்னு அவங்க அம்மா சொல்றாங்க," என்றார் கல்லுளி.

"டாக்டரும் அப்படித்தான் சந்தேகப்பட்டார். அதனாலதான் மரபணு டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். ரிசல்ட் என்ன வந்துச்சு? இந்தக் குழந்தைக்கு வலி தெரிஞ்சே ஆகணும்னு வந்துச்சு. அப்புறம்தான் நான் குழந்தையைத் தூக்கிட்டு வந்தேன், அதுக்கு முன்னாடி இல்ல." கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது. "எனக்கு மட்டும் ஆசையா? அந்த ரிசல்ட் தப்புன்னு காட்டுங்க, நானே கொண்டுபோய் விடறேன்."

நியாயமான பேச்சு. நியாயமான ஆட்களோடுதான் மல்லுக்கட்டுவது கஷ்டம்.

மரபணு டாக்டரின் அறையில் ஒரு நாற்காலிதான் காலியாக இருந்தது. மற்றவற்றில் எல்லாம் புத்தகங்கள். ரேடியோ உட்கார்ந்தாள். கல்லுளி நின்றார்.

"பி.ஆர்.டி.எம். பன்னிரண்டுன்னு ஒரு மரபணு," என்று ஆரம்பித்தார் டாக்டர்.

"பஸ் ரூட் மாதிரி இருக்கு டாக்டர்."

"இருக்கட்டும், ஞாபகம் நிக்கும். குழந்தை வயித்துல உருவாகும்போது சில நரம்பு செல்லெல்லாம் 'நாங்க வலி சொல்ற வேலைக்குப் போறோம்'னு கிளம்பணும். தானா கிளம்பாது. ஒரு மேஸ்திரி வேணும். இந்த மரபணு ஒரு புரதத்தைச் செய்யுது, அதுதான் மேஸ்திரி. செல்லுக்குள்ள உக்காந்துக்கிட்டு இந்த மரபணு வேலை செய், நீ சும்மா இரு, நீ எழுந்திருன்னு மத்ததுக்கெல்லாம் உத்தரவு போடும். அது இல்லேன்னா வலி நரம்பே உருவாகாது. தொட்டாத் தெரியும், சுட்டாத் தெரியாது."

"மேஸ்திரி வரலேன்னா சித்தாளும் வரலை. கட்டடம் கோவிந்தா."

"கட்டடமெல்லாம் நல்லாத்தான் நிக்கும். அலாரம் மட்டும் இருக்காது." டாக்டர் கல்லுளியிடம் திரும்பினார். "எல்லார்கிட்டயும் இந்த மரபணுவுக்கு ரெண்டு பிரதி. அப்பா கொடுத்தது ஒண்ணு, அம்மா கொடுத்தது ஒண்ணு. ரெண்டும் பழுதாயிருந்தாத்தான் வலி தெரியாது. ஒண்ணு நல்லா இருந்தாலே போதும், ஆள் உங்களை என்னை மாதிரி. எனக்கு வந்த ரத்தத்துல ஒண்ணு பழுது, ஒண்ணு நல்லது."

உங்களை என்னை மாதிரி என்ற இடத்தில் ரேடியோ தன் முதலாளியை ஒரு பார்வை பார்த்தாள். அவர் கவனிக்கவில்லை.

"லேப்ல ரத்தம் மாறியிருந்தா?"

"முதல்ல நானும் அதைத்தான் நினைச்சேன். ஆனா இந்தப் பழுது ரொம்ப ரொம்ப அபூர்வம் சார். ரோட்டுல போற ஆளோட ரத்தத்தை மாத்தி வச்சா இது அதுல இருக்காது. அந்த அம்மா ரத்தத்துலயும் இதே பழுது ஒரு பிரதியில இருக்கு. அம்மாகிட்ட இருந்து ஒண்ணு வந்திருக்கு, அப்பாகிட்ட இருந்து நல்லது வந்திருக்கு. கணக்கு நேராத்தானே இருக்கு?"

"அப்பா ரத்தம்?"

"ரெண்டு தடவை கூப்பிட்டேன். வேலை இருக்குன்னுட்டார். அவர் மாமன் மகளைத்தான் கட்டியிருக்கார். அதனால அவர்கிட்டயும் இருக்கலாம்னு ஒரு சந்தேகம் எனக்கு. ஆனா அதுக்கு மேல என்ன, குழந்தை ரத்தமே பேசிடுச்சே."

தெருவுக்கு வந்ததும் ரேடியோ மூச்சு விட்டாள். "சார், ரிசல்ட்டைப் பாத்தா டாக்டர் சொல்றது சரி. விரலைப் பாத்தா அம்மா சொல்றது சரி. ரெண்டும் சரின்னா நம்ம பாடு திண்டாட்டம்."

"குழந்தைக்கும் ரிசல்ட்டுக்கும் நடுவுல ஒரு ஊசி இருக்கும்மா. அதைப் போய்க் கேப்போம்."

ரத்தம் எடுக்கும் நிலையத்தில் எல்லோரும் அவனைக் கொசு என்றுதான் கூப்பிட்டார்கள். அவனும் கோபித்துக்கொள்வதில்லை. ஒல்லியாக, நீளமாக, பெயருக்கு ஏற்ற உடம்பு. பின்பக்கம் குழந்தைகளுக்கென்று ஒரு சின்ன அறை வைத்திருந்தான். சுவர் முழுக்க மீன் படங்கள்.

மாதத்தையும் டெஸ்ட்டின் பெயரையும் சொன்னதும் சட்டைக் கையை மேலே தள்ளினான். மணிக்கட்டுக்கு மேலே, சின்னப் பற்களின் அரை வட்டத் தழும்பு.

"அந்தக் குழந்தையை மறக்க முடியுமா? ஆயுசுக்கும் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருக்கு."

"ரொம்ப முரண்டு பிடிச்சுதோ?" என்றாள் ரேடியோ.

"அதுதான் இல்ல. வரும்போது மகாராணி மாதிரி வந்துச்சு. நாற்காலியில தானே ஏறி உக்காந்துச்சு. சுவத்துல இருக்கற மீனையெல்லாம் எண்ணிச்சு. ஊசியைக் காட்டினா, இது என்ன பேனாவான்னு கேட்டுச்சு. சரி, தங்கமான குழந்தைன்னு நினைச்சுக் குத்தினேன் பாருங்க, ஊரே கூடிடுச்சு!"

ரேடியோ குனிந்து அந்தத் தழும்பைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"சார், பல் டாக்டர்கிட்ட நான் கத்துக்கிட்ட ஒரே வித்தை இதுதான். பயந்து அழறவன் ஊசியைப் பாத்ததும் அழுவான். வலிச்சு அழறவன் ஊசி இறங்கினப்புறம் அழுவான். கண்ணை மூடிக்கிட்டு வெளி மேஜையில உக்காந்திருந்தாலும் எது எதுன்னு சொல்லிடுவேன். இந்தக் குழந்தை பயப்படலை. இதுக்கு வலிச்சிருக்கு."

கல்லுளி கொசுவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "என்ன சொல்லி அழுதுச்சு?"

"எல்லாக் குழந்தையும் சொல்றதுதான். வேணாம் பெரியப்பா, வேணாம் பெரியப்பான்னு."

"யாரைப் பாத்து?"

"கூட வந்தவரைப் பாத்துத்தான். கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருந்தார். டிரைவிங் ஸ்கூல் சட்டை போட்டிருந்தார். அவங்க அப்பான்னு சொல்லி..." கொசுவின் வாய் பாதியில் நின்றது. "அப்பாவை எதுக்குப் பெரியப்பான்னு கூப்பிடுது?"

"இத்தனை நாள் கழிச்சா இந்தச் சந்தேகம் வரணும்?"

"நான் ரத்தம்தான் மேடம் எடுப்பேன். உறவுமுறை எடுக்க மாட்டேன்."

கல்லுளி அங்கேயே நின்று குழந்தையின் அம்மாவுக்குப் போன் போட்டார். சலவைக் கடையின் நீராவி இரைச்சலுக்கு நடுவே அவள் குரல் வந்தது, எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல்.

"உங்க வீட்டுக்காரரைப் பெரியப்பான்னு கூப்பிடற குழந்தை யாரும்மா?"

"கீழ் வீட்டுல என் கொழுந்தனார் பொண்ணு சார். என் பொண்ணும் அவளும் ஒரே வயசு. எனக்குக் கூடப் பிறந்தவங்க யாரும் இல்ல, அவ ஒருத்திதான் அப்படிக் கூப்பிடுவா. எதுக்குக் கேக்கறீங்க?"

"ஆபீஸ் மூடறதுக்கு முன்னாடி அங்க வந்துடுங்க," என்று மட்டும் சொல்லி வைத்தார்.

ரேடியோ விரல் விட்டுச் சேர்த்துக்கொண்டிருந்தாள். "தம்பி பொண்ணு ரத்தம்னா குடும்பப் பழுது அதுலயும் ஒண்ணு இருக்கும். ஒண்ணுதான் இருக்கும். டாக்டருக்குச் சந்தேகமே வராது. ஆனா சார், பெத்தவன் எதுக்கு இதைச் செய்யணும்? அவனே குழந்தையைச் சுட்டிருந்தாலாவது புரியும். பெண்டாட்டியை மாட்டிவிடவா?"

"தெரியலை. ஒரு டிரைவிங் கிளாஸ் எடுத்துக்கலாம்."

கற்றுக்கொள்பவர் ஓட்டும் வண்டி என்று முதுகில் எழுதிய கார் அது. ஓட்டுநர் இருக்கையில் கல்லுளி. பக்கத்தில் பயிற்சியாளர், குழந்தையின் அப்பா. அவர் காலடியிலும் ஒரு பிரேக் இருந்தது. பின்னால் ரேடியோ.

"கிளட்ச்சை மெதுவா விடுங்க சார்."

"அவர் எதையுமே மெதுவாத்தான் விடுவார் மாஸ்டர்," என்றாள் ரேடியோ.

கார் குலுங்கிக்கொண்டு பள்ளிச் சுவரைத் தாண்டியது. மாஸ்டரின் கண்கள் சாலையில் இருந்தன. ஆனால் சாலையைப் பார்க்கவில்லை. கன்னத்தில் முன்தின முடி. கை மட்டும் பழக்கத்தில் ஸ்டியரிங் பக்கம் போய்ப் போய் வந்தது.

"மாஸ்டர், ஒரு சந்தேகம்."

"கேளுங்க சார்."

"உங்க தம்பி பொண்ணு கையில ஊசி இறங்கினப்போ, அவ அழுது கூப்பிட்டது உங்களைத்தானே?"

கார் அறைந்தாற்போல் நின்றது. நிறுத்தியது கல்லுளியின் கால் இல்லை. ரேடியோவின் நெற்றி முன் இருக்கையில் மோதியது.

"ரெண்டாவது பிரேக் அருமையா வேலை செய்யுது," என்றாள் நெற்றியைத் தேய்த்தபடி.

பின்னால் ஹாரன்கள் கத்தின. மாஸ்டர் கையை நீட்டி ஸ்டியரிங்கைத் திருப்பி வண்டியை ஓரமாக்கினார். இன்ஜினை அணைத்தார். கைப் பிரேக்கை இழுத்தார். எல்லாம் ஒழுங்காக நடந்தன.

"நீங்க யாரு?"

"உங்க மனைவி அமர்த்தின ஆளு."

அவர் கோபப்படவில்லை. மறுக்கவும் இல்லை. வைப்பரைப் பார்த்துக்கொண்டு பேசினார். வேறொருவர் கதையைச் சொல்கிற மாதிரி இருந்தது.

"சொந்தத்துல கட்டாதேன்னு வீட்டுல அத்தனை பேரும் சொன்னாங்க சார். நான்தான் ஒத்தக் கால்ல நின்னேன். இவ இல்லேன்னா கல்யாணமே வேணாம்னேன். குழந்தை பிறந்து, பல்லு முளைச்சதும் நாக்கைக் கடிச்சுக்கிட்டா. ரத்தம் கொட்டுது, சிரிக்கிறா. அப்பவே எனக்குள்ள ஏதோ ஆயிடுச்சு. டாக்டர் வந்து, ரத்தம் எடுங்க, ரெண்டு பேர்கிட்ட இருந்தும் வந்திருக்கான்னு பாத்துடலாம்னார். எனக்கு ஒரு நல்ல ரிசல்ட் வேணும்னு இருந்துச்சு. அவ்வளவுதான். ரிசல்ட் நல்லதா வந்துட்டா அவளும் நல்லாயிடுவான்னு... பைத்தியக்காரத்தனம்தான். கீழ் வீட்டுப் பொண்ணை ஐஸ்கிரீம் வாங்கித் தரேன்னு கூட்டிட்டுப் போனேன். விழுந்துட்டா, அதான் பிளாஸ்திரின்னு தம்பிகிட்ட சொன்னேன்."

"நல்ல ரிசல்ட் உங்க வீட்டுக்காரம்மா கழுத்துக்குக் கத்தியா வந்து நின்னுச்சே," என்றாள் ரேடியோ. "அன்னிக்கே வாயைத் திறந்திருக்கலாம்ல?"

"முதல் நாள் தைரியம் வரலை. ரெண்டாம் நாள் போனா, நேத்து ஏன் சொல்லலைன்னு கேப்பாங்களேன்னு போகலை. அப்புறம் ஒவ்வொரு நாளும் அப்படியே போச்சு. இப்ப எனக்கு எதுவுமே உறைக்கலை மேடம். சாப்பிடறேன், வண்டி ஓட்டக் கத்துக் கொடுக்கறேன். வீட்டுக்குப் போனா அவ சுவத்தைப் பாத்து உக்காந்திருப்பா. நானும் பக்கத்துல உக்காந்துக்குவேன்."

"புதுசா ரத்தம் எடுத்து ரிசல்ட் வர வாரக்கணக்காகும்," என்றார் கல்லுளி. "இன்னிக்குச் சாயங்காலம் கையெழுத்து. அதை நிறுத்தறதுக்கு உங்க வாய் ஒண்ணுதான் இருக்கு."

"சொன்னா அவ என்னை விட்டுப் போயிடுவா சார்."

"போகலாம். சொல்லலேன்னா பொண்ணு போயிடும். அதுல 'லாம்' கிடையாது."

பிறகு மாஸ்டர் கதவைத் திறந்து இறங்கி, சுற்றி வந்து, கல்லுளி பக்கத்துக் கதவைத் திறந்தார். இடம் மாற்றிக்கொண்டார்கள். காப்பகம் வரை அவரே ஓட்டினார். ஒரு திருப்பத்தில்கூடத் தவறு இல்லை. கண்ணாடி பார்த்தார், சைகை போட்டார், வழி விட்டார்.

அதிகாரியின் அறையில் உத்தரவு மேஜைமேல் விரித்திருந்தது. சுவரோரம் பெஞ்சில் குழந்தையின் அம்மா, மடியில் கைகளைக் கவிழ்த்து வைத்தபடி. மாஸ்டர் அவளைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்தே எல்லாவற்றையும் சொன்னார். காரில் சொன்ன அதே வார்த்தைகள், அதே வரிசை.

முடிந்ததும் அதிகாரி இரண்டு போன் போட்டாள். கொஞ்ச நேரத்தில் மரபணு டாக்டரும் அவர் பின்னால் பெட்டியோடு கொசுவும் வந்து சேர்ந்தார்கள். குழந்தையை அழைத்து வந்தார்கள். அம்மாவைப் பார்த்ததும் ஓடிப்போய் அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டது.

"அவங்க மடியிலேயே உக்காரட்டும்," என்றாள் அதிகாரி. குழந்தையின் மறு கையைத் தானே பிடித்துக்கொண்டாள்.

ஊசி இறங்கியது. குழந்தை ஊசியைப் பார்த்தது. குழாயில் ஏறுகிற சிவப்பைப் பார்த்தது. கொசுவை நிமிர்ந்து பார்த்து, "உன் பேரு என்ன?" என்றது.

கொசு ஊசியை எடுத்துவிட்டுப் பஞ்சை வைத்து அழுத்தினான்.

"பழகின குழந்தை வாயைத்தான் மூடிக்கும்," என்றாள் அதிகாரி மெதுவாக, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல. "உடம்பு இறுகும். பிடிச்சிருக்கற கைக்கு அது தெரியும். எத்தனை கையைப் பிடிச்சிருக்கேன். இது துணி மாதிரி கிடக்கு." உத்தரவை இரண்டாக மடித்து இழுப்பறைக்குள் போட்டாள். "குழந்தையைக் கூட்டிட்டுப் போங்கம்மா. ரிசல்ட் வரட்டும், அதுவரைக்கும் வாராவாரம் நான் வீட்டுக்கு வந்து பாப்பேன். உங்களை நான்..."

அம்மா அழுவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் அழவில்லை.

"தூக்கத்துல நானே செஞ்சிருப்பேனோன்னு நினைச்சுட்டேன் மேடம்," என்றாள். "கடையில இஸ்திரிப் பெட்டியை எடுக்கறப்போ எல்லாம் என் கையையே பாத்துக்கிட்டு நிப்பேன். இந்தக் கைதானான்னு. ரிசல்ட்டே சொல்லுதே, அப்போ நான்தானே செஞ்சிருக்கணும்."

மாஸ்டர் அப்போதுதான் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

அவள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். நீலம் பாய்ந்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள், முறிந்திருக்கிறதா என்று. படி இறங்கி வாசலுக்கு வந்தாள். கல்லுளியும் ரேடியோவும் இரண்டடி பின்னால் நடந்தார்கள். கார் அருகே மாஸ்டர் அவளை எட்டிப் பிடித்தார்.

"நானும் வரட்டுமா?"

"உங்க தம்பிகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"போய்ச் சொல்லுங்க. அந்தக் குழந்தைகிட்டயும் சொல்லுங்க." அவள் குரல் அப்போதும் ஏறவில்லை, இறங்கவில்லை. "உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு உங்களை நம்பித்தானே வந்தா. அவளுக்கு வலிச்சிருக்குங்க."